ஏழு மணிக்கு மேல எங்களுக்கும் ஒரு லைட் போட்டு வைங்க

டெல்டா பக்கத்து மாவட்ட நூலக அலுவலர்களுக்கும், ஆணைக்குழுவுல உக்காந்து நூலகம் எப்ப திறக்கணும் எப்ப பூட்டணும்னு முடிவு பண்றவங்களுக்கும் வணக்கம்.

தஞ்சாவூரோ திருவாரூரோ நாகையோ மயிலாடுதுறையோ, எந்த ஆபீஸ்ல இருந்தாலும் இது உங்களுக்குத்தான். எங்க ஊர் பேரை வேணும்னேதான் போடல. போட்டா நாளைக்கே அந்த நூலகர் அக்கா கைக்கு ஒரு மெமோ வந்துடும், அவங்க மேல ஒரு தப்பும் கெடையாது, போர்டுல என்ன டைம் எழுதியிருக்கோ அந்த டைமுக்கு வந்து திறந்து அந்த டைமுக்குப் பூட்டிட்டுப் போறாங்க. அந்த போர்டைப் பத்திதான் நான் பேச வந்தேன்.

போர்டுல இருக்கறது இதுதான். காலையில 9லேருந்து 12. சாயங்காலம் 4லேருந்து 7. ஊருக்கு ஊர் அரைமணி முன்னபின்ன இருக்கலாம். நான் ஒரு ஹார்டுவேர்ஸ் கடையில கணக்கு எழுதறேன், காலையில ஒன்பதரைக்குப் போனா ராத்திரி ஏழரைக்கு விடுவாங்க, பஸ் பிடிச்சு ஊர் வந்து சேர எட்டாயிடும். கடை முதலாளி பாய்ங்கறதால வெள்ளிக்கிழமை லீவு. சரி வெள்ளிக்கிழமை போலாமேன்னு பாத்தா நூலகத்துக்கும் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஆக வருஷம் பூரா நானும் நூலகமும் ஒருத்தர ஒருத்தர் பாக்காமயே ஒரே ஊர்ல குடித்தனம் பண்றோம்.

என் ஒருத்தன் கதைன்னா விட்டுடலாம். எங்க தெருவையே எடுத்துக்கங்க. கும்பகோணம் ஜவுளிக்கடைக்குப் போற பொண்ணுங்க வீடு திரும்ப ஒன்பது ஆவுது, கட்டட வேலைக்குப் போற கொத்தனார் சித்தாள் ஆறரைக்கு வந்து குளிச்சு சாப்ட்டு நிமிர ஏழரை, ரைஸ்மில் பசங்க எட்டு, டிராக்டர் ஓட்றவன் சீசன்ல எப்ப வருவான்னு அவனுக்கே தெரியாது. காலையில 9லேருந்து 12 வரைக்கும் ஊர்ல யாரு இருக்கா? ரிட்டையர்டு வாத்தியார் ஒருத்தர், தினத்தந்தி பாக்க வர்ற நாலு பெரியவங்க, அவ்ளோதான். அவங்களும் பதினோரு மணிக்கெல்லாம் பேப்பரை மடிச்சு வச்சுட்டு டீக்கடைக்குப் போயிடுவாங்க. அதுக்கப்புறம் அந்த அக்கா மட்டும் ஒரு ஃபேனுக்கு அடியில உக்காந்து ரெஜிஸ்டருக்குக் கோடு போட்டுட்டு இருப்பாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்கூல் பசங்க கொஞ்சம் வரும், சரி, அது நல்லதுதான், அதை நான் குறை சொல்லல.

ஆனா ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 14லேருந்து 20 வரைக்கும் தேசிய நூலக வாரம்னு விழா வைக்கறீங்க பாருங்க, அங்க மைக் பிடிக்கறவங்க எல்லாரும் ஒரே டயலாக். இன்றைய இளைஞர்கள் ஓய்வு நேரத்தை செல்போன்ல வீணடிக்கறாங்க, நூலகத்துக்கு வாங்க. அய்யா, எப்ப வர்றது? நீங்க கூப்புடற நேரத்துல நாங்க வேலையில இருக்கோம், எங்களுக்கு ஓய்வு கெடைக்கற நேரத்துல நீங்க பூட்டு போட்டுடறீங்க. எட்டு மணிக்கு மேல எங்க ஊர்ல திறந்திருக்கறது டீக்கடை, சிக்கன் பக்கோடா வண்டி, அப்புறம் டாஸ்மாக். மதியம் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணி வரைக்கும் அரசாங்கம் அந்தக் கடையை நடத்துது. யாரு எப்ப வருவாங்கன்னு கணக்குப் போட்டுத்தானே அந்த நேரம் வச்சிருக்காங்க? அந்தக் கணக்கை உங்க டிபார்ட்மெண்ட்ல மட்டும் ஏன் யாரும் போடல?

ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கறதுன்னு டெல்டாக்காரனுக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேணாம்ங்க. மெலட்டூர்ல வருஷா வருஷம் நரசிம்ம ஜெயந்திய ஒட்டி பாகவத மேளா நடக்குது, அதுல வேஷம் கட்டி ஆடறவங்க வேற வேற வேலையில இருக்கறவங்கதான், வேலை முடிச்ச நேரத்துல பாட்டும் வசனமும் அடவும் பழகிட்டு வந்து விடிய விடிய ஆடறாங்க. கோடையில எந்த ஊருக்கு வேணா போங்க, தரிசுல நாலு மூங்கில் நட்டு ஃபோகஸ் லைட்டு கட்டி ராத்திரி பூரா கபடி நடக்கும். பகல் பூரா மூட்டை தூக்கினவன்தான் ராத்திரி ரெய்டு போறான். லைட்டு எங்க இருக்கோ அங்க ஆளு வரும்.

இன்னொண்ணு, டெல்டாவுல ஓய்வுங்கறது ஞாயித்துக்கிழமை பாத்து வராது. தண்ணி பாத்து வரும். மேட்டூர் அணை ஜூன் 12 திறக்கறது ஜனவரி 28 மூடறதுன்னு ஒரு வழக்கம் இருக்கு, நடுவுல தண்ணி இருக்கா இல்லையாங்கறது வேற சோகம், அதை விடுங்க. தை மாசி சம்பா அறுப்பு, அறுக்கறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே நிக்கற பயிருக்குள்ள உளுந்து பயறு தெளிச்சுடுவோம், அது பங்குனி சித்திரையில வீட்டுக்கு வந்துடும். அதுக்கப்புறம் ஆத்துல தண்ணி வர்ற வரைக்கும் விவசாய வேலைக்குப் போறவங்களுக்கு வெயில்தான் துணை. முன்னெல்லாம் அறுப்புல சேத்து வச்ச காசும் நெல்லும் இருக்கும், இப்ப நடவுக்கும் மெஷின் அறுப்புக்கும் மெஷின், அதனால சும்மா இருக்கற நாள் இன்னும் நீண்டு போச்சு. கையில காசு இல்லாம சும்மா இருக்கறவனுக்குப் போக்கிடம்னு ஒண்ணு வேணும், காசு கேக்காத இடமா வேணும். ஊர்ல அப்படி ரெண்டே இடம், ஒண்ணு கோயில், இன்னொண்ணு நூலகம். ரெண்டுல எது ராத்திரி ஒன்பது வரைக்கும் திறந்திருக்குன்னு நான் சொல்ல வேணாம்.

உங்க ரூல்ஸ் புக்குல இந்த சீசனே கெடையாது. எங்க சித்தப்பா மகன் ஒரு தடவை கார்த்திகை கடைசியில ரெண்டு நாவல் எடுத்துட்டு வந்தான், நடுவுல மழை, வயல்ல தண்ணி வடிய வைக்கற வேலை, பூச்சி மருந்து, பொங்கல், அப்புறம் அறுப்பு, புத்தகம் பரண்ல கெடந்துச்சு. மாசியில கொண்டு போனா தாமதக் கட்டணம். பெரிய தொகை எல்லாம் இல்ல, ரெஜிஸ்டர்ல பேருக்கு நேரா சிவப்பு மையில எழுதினதுதான் அவனுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போறதில்ல. தை மாசி ரெண்டு மாசத்துக்கு மட்டும் டியூ டேட்டைத் தள்ளி வச்சா என்ன குடி முழுகிடும்?

நெல் கொள்முதல் நிலையம் பக்கம் ராத்திரியில நீங்க யாராவது போயிருக்கீங்களான்னு தெரியல. போங்க ஒரு தடவை, தை மாசத்துல. களம் பூரா குவியல் குவியலா நெல்லு, மேல படுதா, படுதா ஓரத்துல செங்கல்லு, ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு ஆள் காவல். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போனா எடுக்க மாட்டாங்க, அதனால பகல்ல பூரா விரிச்சுக் காய வைக்கறது, பொழுது சாயறப்ப அள்ளிக் குவிச்சு மூடறது, முறை வர்ற வரைக்கும் இதே பொழப்பு. பனி எறங்கும். தலையில துண்டு, மேல சாக்கு, கையில போனு. பத்து மணிக்கு சார்ஜ் போயிடும், நெட்டு தீந்துடும், அப்புறம் மாடு வருதான்னு பாக்கறதும் கொட்டாவி விடறதும்தான். எங்க மாமா ஒரு தடவை உரக்கடையில மடிச்சுக் கொடுத்த பழைய வாரப்பத்திரிகைக் காகிதத்தை டார்ச் லைட்ல படிச்சுட்டு இருந்தாரு, தொடர்கதைல பாதி பக்கம் கிழிஞ்சு போச்சு, அந்தப் பொண்ணு கடைசில யாரைக் கட்டிக்கிட்டாள்னு ரெண்டு நாள் என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தாரு. எனக்கு எப்படித் தெரியும். அந்த எடத்துல ஒரு தகரப்பெட்டி, அதுல அம்பது புத்தகம், ஒரு நோட்டு, நூலால கட்டின ஒரு பேனா. வேற எதுவும் வேணாம். பில் போடறவர் மேஜை பக்கத்துலயே வைக்கலாம். திருடு போவும்னு சொல்வீங்க. போனா போவட்டும், ஒருத்தன் நாவலைத் திருடிட்டுப் போய் படிச்சா அது உங்க டிபார்ட்மெண்டுக்குப் பெருமைதானே.

இதெல்லாம் நடக்கற கதையான்னு கேக்கறவங்களுக்கு ஒரு விஷயம். நடமாடும் நூலகம்னு இப்ப வேன்ல பேர் எழுதி விடறோம்ல, அது மாட்டு வண்டியில ஆரம்பிச்சது நம்ம மண்ணுலதான். 1931 அக்டோபர்ல மன்னார்குடி பக்கம் மேலவாசல் கிராமத்துல கனகசபைப் பிள்ளைங்கற ஒரு பொறியாளர் மாட்டு வண்டியில புத்தகத்தை அடுக்கி ஊர் ஊரா அனுப்பினாரு. ரோடு இல்ல, கரண்ட் இல்ல, எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களே கம்மி. அப்ப அவரு, படிக்கறவன் என்னைத் தேடி வரட்டும்னு உக்காந்திருக்கல, படிக்கறவன் எங்க இருக்கானோ எப்ப சும்மா இருக்கானோ அங்க வண்டியை ஓட்டினாரு. அம்மாச்சி ஊர் அந்தப் பக்கம்தான், ஆனா அங்க இன்னைக்கு இருக்கற பசங்கள்ல பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியாது, அது தனி வருத்தம்.

அந்த வண்டிக்குத் துணையா நின்னவரு எஸ்.ஆர்.ரங்கநாதன், உங்க ஆபீஸ் செவுத்துல மாலையோட தொங்கறாரே அவரேதான். 1892ல பொறந்தவரு, சீர்காழிக்காரரு, டெல்டா ஆளு. 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி நூலகர் ஆனாரு. அதே 1931லதான் நூலகம் எப்படி நடக்கணும்னு அவரு எழுதின அஞ்சு விதியும் அச்சுல வந்துச்சு. நூலக அறிவியல் படிச்ச நீங்க எல்லாரும் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. புத்தகம் பயன்படுத்தறதுக்குத்தான்னு முதல் விதி. அந்த விதியை விளக்கறப்ப அவரு பேசற விஷயத்துல ஒண்ணு, நூலகம் எந்த எடத்துல இருக்கணும்ங்கறது, இன்னொண்ணு எத்தனை மணிக்குத் திறந்திருக்கணும்ங்கறது. வாசகருக்கு வசதியான நேரத்துல திறக்காத நூலகம் முதல் விதியிலேயே ஃபெயிலு. நாலாவது விதி வாசகரோட நேரத்தை மிச்சம் பண்ணுங்கறது. எங்க நேரத்தை மிச்சம் பண்ணத்தான் வேணாம், மிச்சம் இருக்கற நேரத்துலயாவது கதவைத் திறங்கன்னுதான் கேக்கறோம்.

காசு? அதுவும் எங்க காசுதான். 1948 பொது நூலகச் சட்டத்துலேருந்தே நூலக வரின்னு ஒண்ணு இருக்கு, இப்ப சொத்து வரியில ஒரு ரூபாய்க்கு பத்து பைசா. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க, வீட்டு வரி 400ன்னா கீழ நூலக வரி 40ன்னு தனியா இருக்கும். ஓட்டு வீட்டுக்காரரும் கட்றாரு, மாடி வீட்டுக்காரரும் கட்றாரு, ராத்திரி எட்டு மணிக்கு வேலை முடிச்சு வர்றவனும் கட்றான். கட்டறப்ப யாரும் உனக்கு நேரம் இருக்கான்னு கேக்கல.

நடுவுல ஒண்ணு சொல்லிடறேன். 2006ல அண்ணா மறுமலர்ச்சித் திட்டம்னு வந்தப்ப ஊராட்சிக்கு ஒரு நூலகம் ஒரு விளையாட்டு மைதானம்னு கட்டினாங்க. நல்ல திட்டம். எங்க ஊராட்சில அந்தக் கட்டடம் இன்னும் இருக்கு, உள்ள பிளீச்சிங் பவுடர் மூட்டையும் உடைஞ்ச தெருவிளக்கும்தான் இருக்கு. அது ஊரக வளர்ச்சித்துறைக் கணக்கு, எங்களுது இல்லன்னு நீங்க சொல்வீங்க, தெரியும். ஆனா ரெண்டு டிபார்ட்மெண்டும் ஒரே கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல டீ குடிக்கறீங்களே, ஒரு நாள் பேசக்கூடாதா?

என்ன கேக்கறேன்னு நேரா சொல்லிடறேன். அந்த அக்கா வேலை நேரத்தைக் கூட்டாதீங்க, ஊர்ப்புற நூலகர்ங்க வாங்கற சம்பளத்துக்கு அதுவே ஜாஸ்தி. வாரத்துல மூணு நாள் மட்டும் காலை ஷிப்டை எடுத்துட்டு அந்த மூணு மணி நேரத்தை ராத்திரி ஏழுலேருந்து பத்துக்கு மாத்துங்க. பேப்பர் பாக்க வர்ற பெரியவங்களுக்கு மத்த நாள் காலை இருக்கவே இருக்கு, இல்லன்னா பேப்பரை டீக்கடையிலயும் பாத்துக்குவாங்க. ராத்திரியில ஒரு பொம்பளை தனியா பூட்டிட்டுப் போவணும்ங்கறது நியாயமான கவலை, அதனால அந்த மூணு நாளும் ஊர்க்காரங்களையே பொறுப்புல விடுங்க. நூலக நண்பர்கள்னு நீங்களே ஒரு திட்டம் வச்சிருக்கீங்க, வர முடியாதவங்க வீட்டுக்குத் தன்னார்வலர் புத்தகம் கொண்டு போய் கொடுக்கறது. அதே ஆளுங்க கையில ஒரு சாவி. எங்க ஊர்ல டிகிரி முடிச்சுட்டு குரூப் 4க்குப் படிச்சுட்டு இருக்கற பசங்க எத்தனையோ பேரு, வீட்ல டிவி சத்தத்துல படிக்க முடியாம கோயில் மண்டபத்துல உக்காந்து படிக்கறாங்க. ஒரு டேபிள் கெடைக்குதுன்னா ராத்திரி பூட்டற வேலையை அவங்க சந்தோஷமா பாப்பாங்க. கேரளாவுல ஊர் நூலகத்தை ஊர்க்காரங்களே கமிட்டி போட்டு நடத்தறாங்க, 1945லேயே பி.என்.பணிக்கர் 47 நூலகத்தைச் சேத்து சங்கம் ஆரம்பிச்சாரு, அங்க சாயங்காலம்தான் ஆளே வருவாங்கன்னு திருச்சூர்ல வேலை பாத்துட்டு வந்த எங்க கடைப் பையன் சொல்வான். ஏன், நம்ம ஊர்க்காரனுக்குப் பூட்டத் தெரியாதா?

வெள்ளிக்கிழமை விடுமுறையும் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி வேணாம். பக்கத்துப் பக்கத்து ஊர் ரெண்டு நூலகத்துக்கு வேற வேற நாள் லீவு விட்டாலே போதும், சைக்கிள்ல போய்டுவோம்.

குரூப் 4ன்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது, கொஞ்சம் கோவமும் வருது. இப்பல்லாம் நூலகத்துக்குப் புதுசா என்ன வந்திருக்குன்னு கேட்டா போட்டித்தேர்வு கைடு, பொது அறிவு, மாதிரி வினாத்தாள். படிக்கறவங்களுக்கு அது வேணும், மறுக்கல. ஆனா ஓய்வு நேரத்தை நல்லா பயன்படுத்தறதுன்னாலே கவர்மெண்ட் வேலைக்குப் படிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா, நாப்பது வயசைத் தாண்டின நாங்க எல்லாம் என்ன பண்றது? எனக்குப் பரீட்சை எழுத வேணாம். பகல் பூரா ஆணி எத்தனை கிலோ, பிவிசி பைப் எத்தனை அடின்னு எழுதினவனுக்கு ராத்திரி ஒரு மணி நேரம் நல்ல கதை வேணும், அதனால ஒரு பைசா லாபம் வராட்டியும் வேணும். எங்க வீட்ல அவங்களுக்குத் தையல் டிசைன் புக்கு வேணும், எதிர்வீட்டு அண்ணனுக்கு நாத்து வியாதியைப் பத்தி படம் போட்ட புத்தகம் வேணும், அவரு கடைக்காரன் சொல்ற மருந்தைத்தான் வாங்கி அடிக்கறாரு, வேற வழி? எங்க அப்பாயிக்குக் கண்ணு தெரியாது, யாராவது பக்கத்துல உக்காந்து வாசிச்சுக் காட்டினா நல்லதங்காள் கதையை இன்னும் நூறு தடவை கேக்கும். வாரத்துல ஒரு ராத்திரி சத்தமா வாசிக்கற ராத்திரின்னு வைங்களேன், நூலகம்னா சத்தம் போடக்கூடாதுங்கற போர்டை அன்னைக்கு மட்டும் திருப்பி வச்சுட்டு.

2021ல கடையில நின்னே வேலை பாக்கறவங்களுக்கு நாற்காலி போடணும்னு சட்டத்தைத் திருத்தினாங்க, ஜவுளிக்கடைப் பொண்ணுங்களுக்குக் கொஞ்சமாவது கால் வலி கொறைஞ்சுது. வேலை நேரத்துல உக்கார எடம் கொடுத்தவங்க, வேலை முடிஞ்சு வந்து உக்காரவும் ஒரு எடம் கொடுக்கலாம்.

கரண்ட் செலவுன்னு ஃபைல்ல எழுதி நிறுத்திடாதீங்க, கணக்கு எழுதறவன் நான், போட்டே காட்டறேன். 20 வாட் எல்இடி டியூப் நாலு, 75 வாட் ஃபேன் ரெண்டு, மொத்தம் 230 வாட். மூணு மணி நேரம் ஓடினா முக்கால் யூனிட் கூட வராது. மாசத்துக்குப் பன்னெண்டு ராத்திரின்னா எட்டு யூனிட் சொச்சம். உங்க நூலக வார விழாவுக்கு எடுக்கற ஸ்பீக்கர் செட்டு வாடகையில ஒரு வருஷ பில்லைக் கட்டிடலாம்.

எல்லா ஊர்லயும் ஒரேயடியா பண்ணுங்கன்னு சொல்லல. சித்திரை வைகாசி ரெண்டு மாசம், ஆத்துல தண்ணி வர்றதுக்கு முன்னாடி, ஒன்றியத்துக்கு ஒரு நூலகத்துல பண்ணிப் பாருங்க. கையெழுத்து நோட்டுல ராத்திரிக்கு எத்தனை பேருன்னு பாருங்க, காலைல எத்தனை பேருன்னு பக்கத்துல வச்சுப் பாருங்க. ஆளு வரலன்னா பழையபடி மாத்திக்கங்க, நான் மறுபடி எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
நூலக வரி பாக்கி இல்லாம கட்டற ஒரு வாசகன்

பி.கு: பின்பக்கம் இருக்கற பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்ல, தண்ணி பைப்பும் உடைஞ்சு ரொம்ப நாளாச்சு. அதைச் சரி பண்ணாம ராத்திரி நேரத்தை மட்டும் மாத்திட்டு, பாத்தீங்களா பொம்பளைங்க யாரும் வரலன்னு ரிப்போர்ட் எழுதிடாதீங்க. தாழ்ப்பாள் எங்க கடையில அறுவது ரூபாய்க்கு இருக்கு, ஸ்க்ரூவோட.